பெயின்ட் வாசனை போன பிறகு

தர மதிப்பீட்டுக் குழு வருகிறது என்று தகவல் வந்தால் எந்த அரசு மருத்துவமனையிலும் முதலில் நடப்பது வெள்ளையடிப்பு. அடுத்தது ஃபைல். அதற்கடுத்து, ஸ்டோரில் பூட்டிக் கிடந்த புதுப் படுக்கை விரிப்புகள் வெளியே வரும். தருமபுரி மாவட்டத்தில் தாலுகா அளவிலான ஓர் அரசு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். சில வருடங்களாகத் தரம் சம்பந்தப்பட்ட வேலைகளையும் என் தலையில் கட்டியிருக்கிறார்கள். வெள்ளையடிப்பைக் கேலி செய்வதற்காக இதைச் சொல்லவில்லை. அடித்தால் நல்லதுதான், சுவரெல்லாம் வெற்றிலைக் கறையாக இருக்கிற வார்டில் நின்றுகொண்டு கைகழுவுவதைப் பற்றி யாரிடம் பேச முடியும்? ஆனால் பெயின்ட் வாசனையும் போய், குழுவும் போன பிறகு, ராத்திரி ஒரு சிஸ்டரும் ஓர் ஆயாம்மாவும் மட்டும் வார்டில் இருக்கிற நேரத்தில் எது மிச்சம் நிற்கிறதோ அதைத்தான் நான் தரம் என்று எண்ணுகிறேன்.

அப்படி மிச்சம் நின்றவற்றைத் திரும்பிப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே காரணம்தான். வேண்டிய பொருள் கைக்கு எட்டுகிற இடத்தில் இருந்தது. அல்லது, தப்பாகச் செய்வதைவிடச் சரியாகச் செய்வது சுலபமாக இருந்தது. பயிற்சி வகுப்பில் சொன்னதும் சுவரில் ஒட்டியதும் மட்டும் இருந்தவை ஒரு மாதத்துக்கு மேல் தாங்கவில்லை.

இந்த மதிப்பீடு என்ன என்று தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். மத்திய சுகாதார அமைச்சகம் 2013-இல் கொண்டுவந்த தேசியத் தர உறுதித் தரநிலைகளை நாங்கள் என்.க்யூ.ஏ.எஸ். என்போம். கிடைக்கும் சேவைகள், நோயாளி உரிமை, கட்டடம் - ஆள் - மருந்து - கருவி, துணைச் சேவைகள், சிகிச்சை, தொற்றுக் கட்டுப்பாடு, தர நிர்வாகம், விளைவு என எட்டுப் பிரிவுகள். துறைக்கு ஒரு செக்லிஸ்ட். ஒவ்வொரு வரிக்கும் 0, 1, 2 என்று மதிப்பெண். மதிப்பிட வருகிறவர் நாலு வழியில் பார்ப்பார்: கண்ணால் பார்ப்பது, ஊழியரிடம் கேட்பது, பதிவேட்டைப் புரட்டுவது, நோயாளியிடம் கேட்பது. சான்றிதழுக்கு 70 சதவீதமாவது வேண்டும். கிடைத்தால் 3 வருடம் செல்லும். இதோடு, சுத்தத்துக்கு 2015 முதல் காயகல்ப் விருது, பிரசவ அறைக்கு 2017-இல் வந்த லக்ஷ்யா திட்டம் என்று தனித்தனியாகவும் உண்டு.

செக்லிஸ்ட்டில் குறை சொல்ல எனக்கு அதிகம் இல்லை. அதைப் பரீட்சைக் கேள்வித்தாள் மாதிரி படிப்பதுதான் கோளாறு. நாலு வழிகளில் மூன்றுக்கு முன்கூட்டியே தயார் செய்துவிடலாம். நாலாவதுக்கு முடியாது. 'கட்டில் துணி தினமும் மாத்தறாங்களா பாட்டி?' என்று கேட்டால், 'நீங்க வர்றீங்கன்னு நேத்துதான் மாத்தினாங்க சாமி' என்று பாட்டி சொல்லிவிடும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பக்கத்தில் பாதுகாப்புக்குப் பெரிய சவால் எது என்று கேட்டால், மருந்தையோ கருவியையோ சொல்ல மாட்டேன். பெயர்தான். வயதானவர்களின் வார்டில் மாதம்மா, மாது, மாதப்பன், முனியம்மா, முனியப்பன், சின்னசாமி. மாதேஸ்வரனையும் முனியப்பனையும் வேண்டிக்கொண்டு வைத்த பெயர்கள். ஊருக்குப் பத்துப் பேராவது இருப்பார்கள். பிரசவ வார்டில் காலம் மாறிவிட்டது, அங்கே பிரியாவும் சத்யாவும். சிக்கல் மட்டும் அதேதான்.

ஒருமுறை பெண்கள் வார்டில் அடுத்தடுத்த கட்டிலில் இரண்டு மாதம்மாக்கள். ஒருவருக்குச் சர்க்கரை, இன்னொருவருக்குக் காய்ச்சல். இன்சுலின் ஊசியோடு வந்த சிஸ்டர் 'மாதம்மாதானே?' என்றார். காய்ச்சல் மாதம்மா 'ஆமாங்க' என்று கையை நீட்டினார். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. பக்கத்தில் சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்த மகள், 'எங்கம்மாவுக்குச் சக்கரையே இல்லீங்களே சிஸ்டர், எதுக்கு இந்த ஊசி?' என்று கேட்டதால் தப்பித்தது. அந்தக் கேள்வியைக் கேட்க அந்தப் பெண்ணுக்குத் தைரியம் இருந்தது. எல்லோருக்கும் இருக்காது, ஆஸ்பத்திரியில் எதிர்க்கேள்வி கேட்டால் சிஸ்டர் கோபித்துக்கொள்வார் என்ற பயம் ஊரில் இன்னும் இருக்கிறது. அந்தப் பயத்துக்கு நாங்களும் ஒரு காரணம்.

இதற்காக நாங்கள் மாற்றிய முதல் விஷயம், கேள்வி. 'மாதம்மாவா?' என்று கேட்கக் கூடாது. 'உங்க பேர் என்னம்மா?' என்று கேட்டுவிட்டு, அவர் வாயால் சொல்லும்வரை காத்திருக்க வேண்டும். ஆமாம், இல்லை என்று பதில் வரக்கூடிய கேள்வியால் ஒருவரை அடையாளம் காண முடியாது. கேட்காத காது, அரைத்தூக்கம், மரியாதை எல்லாம் சேர்ந்து எதற்கும் 'ஆமாங்க' என்றுதான் பதில் வரும். கிருஷ்ணகிரிப் பக்கம், தளி, தேன்கனிக்கோட்டை, வேப்பனப்பள்ளி மாதிரி இடங்களில் வேலை செய்யும் தோழிகளுக்கு இதில் இன்னொரு கஷ்டம். வீட்டில் கன்னடமோ தெலுங்கோ பேசுகிறவர்கள் வருவார்கள். தெற்கு மாவட்டத்திலிருந்து வேலைக்கு வந்த சிஸ்டருக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். 'நிம்ம ஹெசரு ஏனு?', 'மீ பேரு ஏமி?' என்று இரண்டு வாக்கியத்தையாவது எழுதி மருந்து ட்ராலியில் ஒட்டி வைக்கச் சொன்னேன்.

இரண்டாவது அடையாளம் ஒன்றும் வேண்டும். புத்தகத்தில் தகப்பன் பெயர் அல்லது கணவர் பெயர் என்று போட்டிருக்கும். எங்கள் ஊர்ப் பாட்டிகள் பலர் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டார்கள். வெட்கப்பட்டுச் சிரிப்பார்கள், இல்லாவிட்டால் வாசலில் நிற்கும் பேரனைக் காட்டுவார்கள். கட்டில் நம்பர் இன்னும் மோசம். ஃபேன் காற்று வருகிற கட்டில் காலியானால், சொல்லாமல் கொள்ளாமல் அங்கே மாறிப் படுத்துக்கொள்வார்கள். அதனால் பெயர், ஊர், ஐ.பி. நம்பர் (உள்நோயாளி எண்) மூன்றையும் கையில் கட்டும் பட்டையில் எழுதுவது என்று வைத்தோம். அதை வார்டில் எழுதக் கூடாது, அட்மிஷன் போடும் இடத்திலேயே கட்டிவிட வேண்டும். வார்டுக்கு வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவை கட்டப்படாமலே போயின. பட்டை தீர்ந்துபோனால் சிலர் பிளாஸ்திரியில் எழுதி ஒட்டுகிறார்கள். வியர்வையில் மை கரைந்து சாயங்காலம் வெறும் நீலத் தீற்றல்தான் மிஞ்சும். ஆகவே பட்டை கையிருப்பு பாதியாகும்போதே, புதுசு கேட்டு ஸ்டோருக்கு இண்டென்ட் போட வேண்டும். ஒரே பெயரில் இருவர் இருந்தால் இரண்டு கேஸ் ஷீட்டின் முகப்பிலும் சிவப்பு மையில் 'பெயர் ஒற்றுமை' என்று எழுதி, கட்டில்களையும் தள்ளிப் போடுகிறோம். இதற்கெல்லாம் தனியாக நிதி ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

இன்சுலின் என்று சொன்னேன் அல்லவா, அதிலேயே இன்னொரு கண்ணி இருக்கிறது. சர்க்கரை நோயாளி வீட்டில் இருக்கிறவர்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும். நம் ஊரில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் 1 மில்லியில் 40 யூனிட். பேனா மாதிரி இருக்கிற இன்சுலின் ஊசிக்கருவிக்குப் போடும் கார்ட்ரிட்ஜில் 1 மில்லியில் 100 யூனிட். சிரிஞ்சிலும் இரண்டு வகை: சிவப்பு மூடி 40-க்கு, ஆரஞ்சு மூடி 100-க்கு. 40 யூனிட் மருந்தை ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால், உடம்புக்குள் போவது 8 யூனிட்தான், சர்க்கரை குறையாது. தலைகீழாக, கார்ட்ரிட்ஜிலிருந்து 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் போவது 50 யூனிட். அது ஆளைச் சாய்த்துவிடும்.

யார் கார்ட்ரிட்ஜிலிருந்து சிரிஞ்சில் இழுக்கப் போகிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் மாவட்டத்திலிருந்து கட்டட வேலைக்கும் கம்பெனி வேலைக்கும் பெங்களூரு போகிறவர்கள் ஏராளம். அங்கே டாக்டர் பேனா எழுதிக்கொடுப்பார். ஊருக்கு வரும்போது பேனா உடைந்திருக்கும், அல்லது ஊசிமுனை தீர்ந்திருக்கும். கையில் கார்ட்ரிட்ஜ் இருக்கும், பக்கத்து மெடிக்கலில் ஐந்து ரூபாயோ பத்து ரூபாயோ கொடுத்தால் சிரிஞ்சு கிடைக்கும். அப்புறம் என்ன? நோயாளி வீட்டிலிருந்து இன்சுலின் கொண்டுவந்தால் வாங்கிப் பார்த்து, 40-ஆ 100-ஆ என்று கேஸ் ஷீட்டில் எழுதுவதை வழக்கமாக்கினோம். வார்டில் ஆரஞ்சு மூடி சிரிஞ்சே வைப்பதில்லை. டிஸ்சார்ஜ் ஆகும்போது சிரிஞ்சையும் குப்பியையும் அவர்கள் கையில் கொடுத்து, இழுத்துக் காட்டச் சொல்கிறோம். வாயால் விளக்கிவிட்டு 'புரிஞ்சுதா?' என்று கேட்டால் அதற்கும் 'ஆமாங்க'தான்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தை 2021 ஆகஸ்டில் அன்று முதல்வராக இருந்த மு.க. ஸ்டாலின் தொடங்கி வைத்தது நம் பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில்தான். வீடு தேடிப் போய் மாத்திரை கொடுக்கிற அக்காக்கள் இந்தச் சிரிஞ்சு மூடி விஷயத்தையும் ஒரு பார்வை பார்த்துவிட்டால் எங்களுக்குப் பாதி வேலை மிச்சம். எங்கள் வட்டாரத்தில் சிலர் பார்க்கவும் செய்கிறார்கள்.

கைகழுவுதலுக்கு வருகிறேன். நோயாளியைத் தொடும் முன், சுத்தம் காக்க வேண்டிய வேலைக்கு முன், ரத்தமோ சளியோ பட வாய்ப்புள்ள வேலைக்குப் பின், நோயாளியைத் தொட்ட பின், அவரைச் சுற்றியுள்ளதைத் தொட்ட பின் என்று ஐந்து தருணங்களை உலக சுகாதார நிறுவனம் வகுத்திருக்கிறது. போஸ்டர் எல்லா வார்டிலும் உண்டு. வாஷ்பேசினோ வார்டின் ஒரு கோடியில் இருக்கும். சோப்பும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 நொடி, போய்வர நடை வேறு. ஐந்து தருணத்துக்கும் கைகழுவுகிற சிஸ்டர் ஷிஃப்ட் முழுக்கக் கைதான் கழுவிக்கொண்டிருப்பார். ஆல்கஹால் ரப் என்றால் 20 முதல் 30 நொடி, நின்ற இடத்திலேயே முடியும். கட்டில் தலைமாட்டில் பாட்டில் வைத்தோம், காணாமல் போயிற்று. ஐ.வி. ஸ்டாண்டிலும் ட்ராலியிலும் கம்பி போட்டுக் கட்டினோம், நின்றது. கண்ணுக்குத் தெரிகிற அழுக்கோ ரத்தமோ கையில் இருந்தாலும், வயிற்றுப்போக்கு நோயாளியைப் பார்த்தாலும் மட்டும் சோப்பும் தண்ணீரும்தான்.

ஊசி வெட்டும் கருவியும் இதே கதைதான். அது நர்ஸிங் ஸ்டேஷன் மேஜையில் இருந்த காலத்தில், போட்ட ஊசியைக் கையில் பிடித்துக்கொண்டு வார்டு நீளம் நடக்க வேண்டும். அவ்வளவு தூரம் நடப்பதற்குப் பயந்து மூடியைத் திரும்பப் போடுவார்கள். மூடும்போதுதான் விரலில் குத்தும். சிலர் ட்ரேயிலேயே வைத்துவிடுவார்கள். அது பஞ்சோடு சேர்ந்து மஞ்சள் பைக்குப் போகும். 2016-ஆம் வருடத்து மருத்துவக் கழிவு விதிகள்படி மஞ்சள் பையில் ரத்தம் பட்ட பஞ்சு, துணி; சிவப்பில் ட்ரிப்ஸ் குழாய், ஊசி நீக்கிய சிரிஞ்சு; வெள்ளை டப்பாவில் ஊசி, பிளேடு; நீலத்தில் கண்ணாடி. நிறம் எல்லோருக்கும் மனப்பாடம். இருந்தும் மஞ்சள் பையைத் தூக்கும்போது துப்புரவுப் பணியாளர் அக்காவுக்குத் தொடையில் குத்தியது. வெட்டும் கருவியை ஊசி ட்ராலியிலேயே பொருத்திய பிறகு மஞ்சள் பையில் ஊசி வருவது அநேகமாக நின்றுவிட்டது. மூடியைத் திரும்பப் போடாதீர்கள் என்று எத்தனையோ கூட்டத்தில் சொல்லியிருக்கிறோம். ட்ராலியில் இரண்டு ஸ்க்ரூ போட்டதில்தான் அது நடந்தது.

அந்த அக்கா விஷயத்தில் எனக்கு வேறு கோபம் உண்டு. ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி 3 தவணை. முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து, ஆறாவது மாதம். ஒப்பந்தத்தில் வரும் ஆட்கள் மூன்றாவது தவணைக்குள் மாறிவிடுகிறார்கள், புதிதாக வருகிறவரை யாரும் கேட்பதில்லை. எங்கள் எல்லோரையும்விட ஊசி குத்தும் வாய்ப்பு அதிகம் உள்ளவர்கள் அவர்கள்தான். ஊசி குத்தினால் பிழியக் கூடாது. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு உடனே சொல்ல வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை முடிந்தால் 2 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், 72 மணி நேரத்துக்கு மேல் போனால் பயனில்லை. இதெல்லாம் சுவரில் எழுதியிருந்தது. ராத்திரியில் குத்தினால் அந்த மாத்திரை இருக்கிற பீரோவின் சாவி யாரிடம் என்பது எழுதப்படவில்லை. இப்போது முதல் சில வேளைக்கான மாத்திரை கேஷுவாலிட்டியில் இருக்கிறது. உங்கள் மருத்துவமனையில் எங்கே இருக்கிறது என்று இன்று ராத்திரி டியூட்டிக்குப் போகிறவரிடம் கேட்டுப் பாருங்கள்.

அவசர ட்ராலியைப் பற்றிச் சுருக்கமாக. தொப்பூர் கணவாய் விபத்துகளைப் பற்றி இந்த மாவட்டத்தில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. ஒரே நேரத்தில் நாலைந்து பேர் வந்து இறங்குவார்கள். தினசரி சரிபார்ப்புப் பட்டியலில் 'லாரிங்கோஸ்கோப் - உள்ளது' என்று டிக் அடித்திருக்கும். மூச்சுக்குழாயில் குழாய் போடத் தொண்டைக்குள் பார்க்கிற கருவி அது. உள்ளது சரி, பல்பு எரிகிறதா? 'உள்ளது' என்ற கட்டத்தை அடித்துவிட்டு 'எரிந்தது', 'உறிஞ்சியது', 'ஊதியது' என்று மாற்றினோம். சக்ஷன் கருவியை ஒரு டம்ளர் தண்ணீரை உறிஞ்ச வைத்துப் பார்க்க வேண்டும். ஆக்ஸிஜன் சிலிண்டர் சாவியைச் சிலிண்டரிலேயே சங்கிலியால் கட்ட வேண்டும். இதைச் செய்யாத ஆஸ்பத்திரியில் அவசரத்தில் முதலில் கேட்கும் சத்தம் 'சாவி எங்கே?' என்பதுதான். சின்ன பி-டைப் சிலிண்டர் நிறைந்திருந்தால் சுமார் 1,500 லிட்டர். நிமிடத்துக்கு 10 லிட்டர் வைத்தால் இரண்டரை மணி நேரம். பாதி முள் காட்டுகிற சிலிண்டரோடு மலைக்கிராமத்துப் பிள்ளையைத் தூரமாக அனுப்புகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு அனுப்பினால் நல்லது.

பாம்புக்கடி எங்களுக்கு அன்றாட விஷயம். நிலக்கடலைக் காடு, மாந்தோப்பு, ராத்திரி தண்ணீர் கட்டப் போகிறவர்கள். தமிழ்நாடு அரசு 2024-இல் பாம்புக்கடியை அறிவிக்கை செய்ய வேண்டிய நோயாகவே ஆக்கிவிட்டது. விஷம் ரத்தம் உறைவதைக் கெடுத்திருக்கிறதா என்று பார்க்கப் பெரிய லேப் வேண்டாம். 2 மில்லி ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, பிறகு சாய்த்துப் பார்ப்போம். உறையாமல் தண்ணீராக ஓடினால் விஷமுறிவு மருந்து. இதில் குழாய்தான் எல்லாம். பிளாஸ்டிக் குழாய் உதவாது. சோப்புப் போட்டுக் கழுவிய கண்ணாடிக் குழாயும் உதவாது, நல்ல ரத்தமே அதில் உறையாமல் போகலாம். தேவையில்லாதவருக்கு மருந்து ஏறும், அதற்கு ஒவ்வாமை வந்தால் அது தனிக் கண்டம். சிக்கனமாக இருக்கிறோம் என்று குழாயைக் கழுவி அடுக்குகிற நல்ல மனசுக்காரர்கள் எல்லா லேபிலும் உண்டு. அதனால் புதுக்குழாய்கள் சிலவற்றை ஒரு டப்பாவில் போட்டு, 'பாம்புக்கடிக்கு மட்டும், கழுவாதே' என்று எழுதி, கூடவே ஒரு சமையலறை டைமரும் வைத்தோம். டைமர் இல்லாத நாளில் 20 நிமிடம் சிலருக்குப் பத்து, சிலருக்கு நாற்பது. குழாயைப் பத்து நிமிடத்தில் ஆவலாக ஆட்டிப் பார்ப்பதும் தப்பு.

தண்ணீர். இதை எந்தப் பயிற்சியிலும் யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. ஃபுளூரைடு பிரச்சினைக்காக ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தது உலகத்துக்கே தெரியும். குடிக்க அந்தத் தண்ணீர். மற்றதற்கெல்லாம் போர் தண்ணீர்தான். அதன் உப்பு, கருவிகளை நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவின் வெப்பக் கம்பியில் வெள்ளையாகத் தடித்துப் படியும். 121 டிகிரி, 15 பவுண்டு அழுத்தம், 20 முதல் 30 நிமிடம் என்பது கணக்கு. உப்புப் படிந்தால் சூடேற நேரமாகும், வால்வு அடைக்கும், அவசரக்காரர்கள் முள் ஏறினதுமே இறக்கிவிடுவார்கள். எங்கள் ஆபரேஷன் தியேட்டர் உதவியாளர் அண்ணன் ஒருவர், ஓய்வுபெறப் போகிற வயது, சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார்: 'தண்ணி மாத்துங்க சிஸ்டர், கம்பி சுண்ணாம்பு கட்டிக்குச்சு.' அவரைக் கேட்டுத்தான் ஆர்.ஓ. தண்ணீர் மட்டும் ஊற்றுவது, வாரம் ஒருமுறை உப்பு சுரண்டுவது என்று எழுதி வைத்தோம். இன்னொன்றும் உண்டு. பொட்டலத்தின் மேல் ஒட்டும் டேப் கறுத்துவிட்டால் கிருமி செத்தது என்று பலர் நினைக்கிறார்கள். டேப்புக்குச் சூடு பட்டது, அவ்வளவுதான். துணியை இறுக்கமாகத் திணித்திருந்தால் நீராவி நடுவுக்குப் போகவே போகாது. பொட்டலத்துக்குள் ஓர் இண்டிகேட்டர் துண்டு, வாரத்துக்கு ஒருமுறை உயிர்க்கிருமி வைத்த சோதனை, இரண்டும் வேண்டும்.

இவை எல்லாவற்றையும் நானே கண்டுபிடித்ததாக யாரும் நினைக்க வேண்டாம். பாதிக்கு மேல் ஒரு நோட்டிலிருந்து வந்தவை. நாங்கள் அதைத் 'தப்பிச்ச நோட்டு' என்போம். நடக்க இருந்து நடக்காமல் போனதை அதில் எழுதலாம். பெயர், தேதி, ஷிஃப்ட் எதுவும் வேண்டாம். அரசு வேலையில் தப்பு என்றதும் ஞாபகத்துக்கு வருவது மெமோ, அப்புறம் 17(பி), அதாவது பெரிய தண்டனை வரை போகக்கூடிய ஒழுங்கு நடவடிக்கை. அந்தப் பயம் இருக்கும்வரை சம்பவப் பதிவேட்டில் 'நிகழ்வு ஏதுமில்லை' என்றுதான் எழுதுவார்கள். அதைப் பார்த்து நாங்களும் ஆஹா, நம் ஆஸ்பத்திரியில் ஒரு தப்பும் நடப்பதில்லை என்று இருந்துவிடுவோம். நோட்டிலும் முதலில் ஒன்றும் வரவில்லை. தலைமை மருத்துவர் ஐயா தன் கையாலேயே, தான் வலது இடது மாற்றி எக்ஸ்ரே எழுதியதையும், டெக்னீஷியன் திருப்பிக் கேட்டதையும் எழுதினார். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் பேனாவை எடுத்தார்கள்.

அதில் வந்தவற்றில் ஒன்று: அட்ரினலின், அட்ரோபின் என்ற இரண்டு அவசர ஊசி மருந்துகள். பெயரும் கிட்டத்தட்ட ஒன்று, ஆம்பூலும் (மருந்து வரும் கண்ணாடிக் குப்பி) சின்னது, ஒரே ட்ரேயில் பக்கத்துப் பக்கத்துக் குழியில். யாரோ 'சிவப்பு எழுத்து அட்ரினலின்' என்று அடையாளம் வைத்திருந்தார்கள். அரசு ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து அனுப்பும் மருந்துக் கழகத்திலிருந்து அடுத்த முறை வந்தது வேறு கம்பெனி. சிவப்பு எழுத்து இன்னொன்றுக்குப் போய்விட்டது. நிறத்தை வைத்து மருந்தை அடையாளம் காணும் பழக்கத்தையே விட வேண்டும். இப்போது இரண்டும் வேறு வேறு தட்டில், பெயர் பெரிய எழுத்தில். எடுத்ததும் வாய்விட்டுப் படிக்க வேண்டும். தப்பாக ஏறினால் உயிருக்கே ஆபத்தான பொட்டாசியம் குளோரைடு வார்டு அலமாரியிலேயே கிடையாது, பூட்டில் இருக்கிறது.

ஆள் பற்றாக்குறையைப் பேசாமல் போனால் நான் பொய் சொல்கிறவள் ஆவேன். ஒரு சிஸ்டர் இரண்டு வார்டு பார்க்கிற ராத்திரியில், இருவர் சேர்ந்து சரிபார்க்க வேண்டிய ரத்தப் பையை யாரோடு சேர்ந்து சரிபார்ப்பது? கீழே கேஷுவாலிட்டி டாக்டரைக் கூப்பிட்டு, அவர் வரும்வரை ஏற்றாமல் காத்திருக்கிறோம். செக்லிஸ்ட்டால் ஆளை உண்டாக்க முடியாது. ஆனால் மதிப்பீட்டின்போது இந்தக் குறையை மறைக்காமல் எழுத வைக்கலாம். எழுதினால்தான் மேலே போகும். 'முழு மதிப்பெண் போட்டுக்கோங்க, ஏன் நம்மளே குறைச்சுக்கணும்?' என்று சொல்கிற நண்பர்களோடு எனக்கு இதில் ஒத்துப்போகவே இல்லை.

கடைசியாக ரெஃபரல், அதாவது நோயாளியைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது. சித்தேரி, வத்தல்மலை மாதிரி மலையிலிருந்து வரும் கர்ப்பிணிக்கு வலிப்பு வந்தால், மக்னீசியம் சல்பேட் முதல் அளவாக 14 கிராம் கொடுத்து தருமபுரி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புவோம். நரம்பில் 4 கிராம், இரண்டு பிட்டத்திலும் 5 கிராம் வீதம். அங்கே போய்ச் சேர்வதற்குள் கூட வந்த கணவர் பதறிப்போயிருப்பார், சீட்டு யாருடைய பையிலோ இருக்கும். கொடுத்தது தெரியாமல் இன்னொரு முறை முதல் அளவையே கொடுத்தால் மூச்சு நின்றுவிடக்கூடும். அதனால் மருந்து, அளவு, கொடுத்த நேரம் மூன்றையும் ஒரு தனித் துண்டில் எழுதி, ரெஃபரல் சீட்டின் முகப்பில் ஒட்டுகிறோம். கிளம்பும் முன் அங்கே லேபர் வார்டுக்கு ஃபோன் போட்டு யார், என்ன ஆனது, என்ன கொடுத்தோம், என்ன வேண்டும் என்ற வரிசையில் சொல்கிறோம். அவர்களைத் திருப்பிச் சொல்லச் சொல்கிறோம். மாற்று மருந்தான கால்சியம் குளுக்கோனேட் ஆம்பூலும் ஆம்புலன்ஸில் கூடவே போகிறது. துண்டின் அடியில், பெற்றுக்கொண்டவர் கையெழுத்துக்கு ஓர் இடம் விட்டிருக்கிறோம். 108-இல் வரும் தம்பிகள் அதை ஃபோட்டோ எடுத்து அனுப்பிவிடுகிறார்கள். வராத நாளில் மறுநாள் காலை நாங்களே கூப்பிட்டுக் கேட்டு, ரெஃபரல் ரெஜிஸ்டரில் முன்பெல்லாம் காலியாகவே கிடந்த 'விளைவு' என்ற கட்டத்தில் எழுதிக்கொள்கிறோம்.